என் ரத்தம்தான் நார்மல்

ஜூலை 3, புதன்

லேபுக்கு ரத்தம் சோதிக்கும் புது மெஷின் வந்து இறங்கியது. நான்கு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கினார்கள். இவர் தன் பம்ப்செட் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஒரு கைகூடக் கொடுக்காமல், "மெதுவா, மெதுவா, சுவத்துல இடிக்குது" என்று கீழே நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். மேலே வைத்ததும் வேர்வையை இவர்தான் துடைத்தார்.

மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது மெஹருன்னிசா. "பொட்டு நேரா இருக்காக்கா?" என்று இரண்டு முறை கேட்டாள். பதினோரு வருடமாக என்னோடு இருக்கிறாள். இந்த லேபில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாத சிலதும் தெரியும் என்பது அவள் நினைப்பு.

இருபத்திரண்டு வருடத்தில் இது மூன்றாவது மெஷின். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷின் வந்தாலும் முதலில் ஓடுவது என் ரத்தம். சரியாக அளக்கிறதா என்று பார்க்கக் கம்பெனிக்காரன் கன்ட்ரோல் என்று ஒரு சீரம் தருவான்தான். அது எந்த நாட்டில், எந்த மாட்டின் ரத்தத்தில் செய்ததோ. என் ரத்தத்தை எனக்குத் தெரியும். சர்க்கரை, உப்பு, யூரியா, கொழுப்பு, எல்லாம் அளவுக்குள் நிற்கும். "அக்கா ரத்தம் ஐ.எஸ்.ஐ. முத்திரை" என்பாள் மெஹர்.

நாளைக் காலை வெறும் வயிற்றோடு போக வேண்டும். இரவு இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 4, வியாழன்

சர்க்கரை சரி. யூரியா சரி. கால்சியம் சரி. எல்.டி.எல்., அதாவது கெட்ட கொழுப்பு, இருநூற்று நான்கு!

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். போன மெஷின் வந்தபோது எனக்கு நூற்று இருபத்தெட்டு. எல்லை நூற்று முப்பது, அதற்கு உள்ளேதான். நான் எண்ணெய்ப் பலகாரம் தொடுவதில்லை. எடை கூடவில்லை. இவருக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து வீட்டில் பாதிச் சமையல் ஆவியில்தான். எனக்கு எப்படி இருநூற்று நான்கு வரும்?

மறுபடி ஓட்டினேன். இருநூற்று ஆறு. மறுபடி. இருநூற்று மூன்று.

"மூணு தடவையும் ஒரே மாதிரி வருதேக்கா" என்றாள் மெஹர்.

"தப்புக் கணக்குப் போடுறவன் மூணு தடவை போட்டாலும் அதே தப்பைத்தான் போடுவான்" என்றேன்.

கொழுப்பை அளக்க மெஷினில் ஊற்றும் ரீஏஜென்ட் திரவம்தான் கோளாறு. மதுரையில் இருக்கும் சர்வீஸ் என்ஜினீயர் டென்சிங்குக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமைதான் வர முடியுமாம். மெஷின் விற்கும்போது மட்டும் ஒரே வாரத்தில் மூன்று முறை வந்தவன்.

ஜூலை 5, வெள்ளி

மாவு புளித்துவிட்டது. பல் லேசாக வலிக்கிறது.

ஜூலை 6, சனி

எங்களுக்குக் கீழே, தரைத்தளத்தில், எலும்பு டாக்டர் ஜெயக்கொடியின் கிளினிக். நாளை அங்கே நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவச முகாம். தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை பார்க்கிறவர்கள் நாற்பது பேர் வருகிறார்கள். குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்து எலும்பின் உறுதியை அளக்கும் மெஷின் கொண்டுவருகிறார்கள். ரத்தப் பரிசோதனை எங்கள் லேபில். கால்சியத்தோடு கொழுப்பும் எழுதியிருந்தார்.

"எலும்புக்கு எதுக்கு டாக்டர் கொழுப்பு?" என்று கேட்டேன்.

"நீ எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரிதானே?" என்றார். இப்படித்தான் பேசுவார். பத்து வயது மூத்தவர், கோபித்துக்கொள்ள முடியாது.

பிறகு அவரே உட்கார வைத்துச் சொன்னார். மாதவிலக்கு நின்றதும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அது குறைந்தால் எலும்பு அடர்த்தி இறங்குகிறது, ரத்தத்தில் கொழுப்பு ஏறுகிறது. எலும்பு மெலிந்த பெண்கள் பலருக்கு இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பதைப் பார்க்கிறார்களாம்.

"எலும்புல கழண்டதுதான் அங்க போய் ஒட்டிக்குதா?"

"அவ்வளவு நேரான கணக்கு இல்லை. இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றாங்க. கெட்டுப்போன கொழுப்பு, எலும்பைக் கட்டுற செல்லை எலும்புக்குள்ள தூங்கவைக்குது. அதே கொழுப்பு ரத்தக்குழாய்ச் சுவத்துல இருக்கிற செல்லை எழுப்பிவிட்டு, நீ எலும்பு கட்டுன்னு சொல்லுது. கட்ட வேண்டிய இடத்துல கட்டாம, கட்டக்கூடாத இடத்துல கட்டுது. அதனால எலும்பு குறைஞ்சவளைப் பாத்தா நான் கொழுப்பையும் பாப்பேன். ரெண்டும் கெட்டிருந்தா இதயத்தையும் பாக்கச் சொல்லுவேன்."

நன்றாகச் சொல்கிறார். கல்லூரியில் எனக்கு இப்படி யாரும் சொல்லவில்லை. மெஹருக்கும் சொன்னேன்.

ஜூலை 7, ஞாயிறு

நாற்பது பேருக்கும் நானே ரத்தம் எடுத்தேன். ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை குத்தவில்லை. இந்தக் கைக்கு ஈடு இந்தக் கைதான்.

கூட்டம் குறைந்ததும் குதிகால் மெஷின்காரப் பெண், "நீங்களும் உக்காருங்க மேடம், சும்மாதான" என்றாள். உட்கார்ந்தேன். என் எலும்பு கழித்தல் இரண்டு புள்ளி ஏழு என்று காட்டியது. கழித்தல் இரண்டரைக்குக் கீழே போனாலே எலும்பு மெலிந்துவிட்டது என்று அர்த்தமாம். என் குதிகாலில் பித்தவெடிப்பு கல் மாதிரி கிடக்கிறது, அதில் அந்தப் பெட்டி எதை அளந்திருக்கும்? அந்தப் பெண் கொடுத்த சீட்டை டாக்டரிடம் காட்டவில்லை. அவருக்கு ஏற்கனவே நாற்பது பேர்.

ரத்த ட்யூப்கள் அடுக்கிய தட்டை எடுத்துக்கொண்டு மூன்று தடவை மாடி ஏறி இறங்கினேன். கடைசி முறை நடுவில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த தையல் வகுப்பு விளம்பரத்தை முழுக்க வாசித்தேன். பல் வலி கீழ்த்தாடையிலிருந்து தோள் வரை இழுத்தது. மேலே போய் உட்கார்ந்ததும் போய்விட்டது. பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

முகாம் ரத்தங்களை ஓட்டினோம். நாற்பதில் பதினெட்டுப் பேருக்குக் கொழுப்பு ஏறித்தான் வருகிறது.

"பாத்தியா? மெஷின் ஏத்திக் காட்டுது" என்றேன்.

"மிச்சம் இருபத்திரண்டு பேருக்குச் சரியா வருதேக்கா. அது என்ன, ஆளைப் பாத்து ஏத்துமா?"

மெஹருக்கு வாய் நீளம். டென்சிங் வந்து சரிசெய்யும் வரை கொழுப்பு ரிப்போர்ட் எதுவும் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தப்பான ரிப்போர்ட் என் கையெழுத்தோடு இதுவரை வெளியே போனதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

டென்சிங் வந்தான். மெஷினைத் திறந்தான், துடைத்தான், மூடினான். கன்ட்ரோல் சீரத்தை ஓட்டினான். அச்சுப் பிசகாமல் வந்தது. நான் அந்தக் கன்ட்ரோலே சரியில்லை என்றேன். பையிலிருந்து வேறு ஒரு புட்டியை எடுத்து உடைத்து ஓட்டினான். அதுவும் வந்தது.

"மேடம், காலிப்ரேஷன் பாஸ். ரெண்டு கன்ட்ரோலும் பாஸ். இந்த ரூம்ல ஃபெயில் ஆனது ஒண்ணே ஒண்ணுதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் டீயைப் பார்த்தான்.

"என் ரத்தம் இருபத்திரண்டு வருஷமா நார்மல், தம்பி."

"அப்போ ஒரு வழி இருக்கு. எல்.டி.எல்.லை பூஜ்யம் புள்ளி ஆறு மூணால பெருக்கிக் காட்டச் சொல்லி மெஷின்ல போட்டு விடுதேன். உங்களுக்கு நூத்தி இருபத்தெட்டு வந்துரும். ஊர்ல எல்லாருக்குமே நார்மலா வந்துரும். கோவில்பட்டியில ஹார்ட் அட்டாக்கே கிடையாதுன்னு போர்டு வச்சிரலாம்."

கிண்டல். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மெஹர் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அந்த நேரம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 10, புதன்

இதற்கு ஒரு முடிவு கட்ட வழி கண்டுபிடித்தேன். இன்று மறுபடி ரத்தம் எடுத்து, திருநெல்வேலியில் உள்ள பெரிய லேபுக்கு அனுப்பினேன். என் பெயரில் அனுப்பினால் நம் ஆள் என்று பார்த்துப் போடுவார்கள். அதனால் வேறு பெயர். ராஜாமணி, ஆண், வயது 62.

இன்று பல் டாக்டரிடமும் போனேன். எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்தார். சொத்தை இல்லை. "எப்ப வலிக்கும்?" என்றார். "மாடி ஏறும்போது" என்றேன். "பல் மாடி ஏறாதேம்மா, ஒரு பொது டாக்டரைப் பாருங்க" என்றார். இவர்கள் எல்லாம் என்னத்தைப் படித்தார்களோ!

ஜூலை 11, வியாழன்

மோட்டார் காயில் போய்விட்டது. குடிதண்ணீர்க்காரனும் வரவில்லை. இவர் ஊருக்கெல்லாம் மோட்டார் சரிசெய்கிறார்.

ஜூலை 12, வெள்ளி

நெல்லை ரிசல்ட் வந்தது. ராஜாமணிக்கு எல்.டி.எல். இருநூற்று ஒன்பது.

அறுபத்திரண்டு வயது ஆணுக்கு இருக்கக்கூடியதுதான் என்று முதலில் தோன்றியது. தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். பீடி குடிப்பாராயிருக்கும், நடைப் பழக்கம் இருக்காது என்றுகூட ஓடியது. அங்கிருந்து ஒரு டாக்டர் அம்மா போன் செய்து, "உங்க பேஷண்டைத் தள்ளிப்போடாம இதய டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க" என்றார். "சொல்லிடுறேன் மேடம், பாவம்" என்றேன்.

போனை வைத்தபோது மெஹர் எதிரே நின்றாள்.

"நான் வேணா ராஜாமணி அண்ணன் வீடு வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வரவாக்கா?"

நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

"அவர் பொண்டாட்டி ரொம்ப நல்லவங்க. பம்ப்செட் கடை வச்சிருக்காங்க."

"வேலையைப் பாரு மெஹர்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஜூலை 13, சனி

டாக்டர் ஜெயக்கொடி மாடிக்கு வந்தார். முழங்கால் வலிக்காரர், இந்த மாடிக்கு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆறு நாளாச்சு. நாப்பது பேர் ரிப்போர்ட் எங்க?"

"மெஷின்ல சந்தேகம் டாக்டர். என் ரத்தத்தை வச்சுப் பாத்தேன்..."

"என் பேஷண்ட் நாப்பது பேரும் உன் ரத்தம் சரியாகட்டும்னு காத்துக்கிட்டு இருக்கணுமா?"

மெஹர் நடுங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மெஷின், இரண்டு கன்ட்ரோல், ராஜாமணி வரை. டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பார்த்த பார்வை மாறியது. கடைக்காரியைப் பார்ப்பது போய், நோயாளியைப் பார்ப்பது போல.

"உனக்கு எப்ப மாதவிலக்கு நின்னது?"

"கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணியாச்சே டாக்டர். முப்பத்தெட்டு வயசுல."

"ஓவரி?"

"அதையும் சேர்த்தே எடுத்துட்டாங்க. எதுக்குத் தொந்தரவுன்னு."

"இப்ப என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "போன சனிக்கிழமை உக்காத்தி வச்சு உனக்கு அவ்வளவு சொன்னேனே செண்பகம். அது யாரைப் பத்தின்னு நினைச்ச?"

தீப்பெட்டி ஆபீஸ்காரப் பெண்களைப் பற்றி என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்லவில்லை. ஓவரி போன அன்றே ஈஸ்ட்ரோஜனும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதியிருக்கிறேன். என் விஷயத்தில் எட்டு வருடமாக அது நினைவுக்கே வரவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் தெம்பாக இருந்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

கீழே கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்தார். நார்மல். "பாத்தீங்களா?" என்றேன்.

"படுத்துக் கிடக்கிறவளுக்கு எடுத்தா இப்படி நார்மலா வரலாம். மாடி ஏறும்போது எங்கயாவது நிக்கிறியா?"

"இல்லை."

"ரெண்டு தடவை நிப்பாங்க டாக்டர்," கதவோரத்திலிருந்து மெஹர். "விளம்பரம் வாசிப்பாங்க. போன மாசம் வரைக்கும் ஒரு தடவைதான்."

"வலி?"

"பல் வலி" என்றேன். சொல்லும்போதே என் கை தாடையிலிருந்து தோளுக்குப் போய்விட்டது. அதை டாக்டர் பார்த்தார், நானும் பார்த்தேன்.

திருநெல்வேலியில் இதய டாக்டருக்கு அங்கேயே போன் போட்டு, திங்கட்கிழமைக்கு வாங்கிக் கொடுத்தார். ஆஸ்பிரின் கொடுத்தார். நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார். உட்கார்ந்திருக்கும்போது வலி வந்தால், வந்த வலி நிற்காவிட்டால், திங்கள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி என்று இரண்டு முறை சொன்னார். அதுவரை மாடி ஏறக் கூடாது. மெஹர் மேலே போய் நாற்பது ரிப்போர்ட்டையும் அச்செடுத்துக் கீழே கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் சரியான ரிப்போர்ட்தான்.

ஜூலை 14, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். இவருக்கு ஞாயிறு மட்டும் உண்டான வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டே சொன்னால் பெரிதாகத் தெரியாது என்று அப்படிச் சொன்னேன். எண் சொல்லவில்லை, "கொஞ்சம் கூடுதல்" என்று மட்டும். இவர் கிரைண்டரை நிறுத்திவிட்டார்.

"வருஷா வருஷம் எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுப்ப. உனக்கு எடுத்ததில்லையா?"

"புது மெஷின் வந்தா எடுப்பேன்."

"மெஷின் எத்தனை வருஷத்துக்கு ஒண்ணு வரும்?"

"பத்து, பதினொண்ணு."

கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டே, "மோட்டாரையாவது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கழட்டிப் பாக்கச் சொல்லுவேன்" என்றார். வடையையும் அவரே தட்டினார். ஓட்டை எல்லாம் ஓரத்தில் இருந்தது.

ஜூலை 15, திங்கள்

டிரெட்மில்லில் நடக்கவைத்தார்கள். வேகத்தை இரண்டாம் முறை கூட்டியபோதே தாடை வலி வந்துவிட்டது. திரையில் ஈ.சி.ஜி. கோடு கீழே இறங்குவதை டெக்னீஷியன் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்தேன். "நிறுத்துங்க" என்று நான்தான் சொன்னேன். மெஷின் கோளாறு என்று இந்தத் தடவை எனக்குத் தோன்றவில்லை.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. நாளைக் காலை ஆஞ்சியோகிராம்.

ஜூலை 16, செவ்வாய்

இதயத்தின் இடது முன் ரத்தக்குழாயில் அடைப்பு, தொண்ணூறு சதவீதம். மணிக்கட்டு வழியாகத்தான் குழாயை விட்டார்கள், முழு நினைவோடு இருந்தேன். திரையில் என் இதயம் தெரிந்தது. சாயம் விடுவதற்கு முன்பே ஓர் இடத்தில் மங்கலாக ஒரு வெள்ளைக் கோடு.

"அது என்ன டாக்டர்?" என்றேன்.

"கால்சியம்மா. சுண்ணாம்பு. உங்க வயசுக்கு இது அதிகம்."

எலும்பு படத்தில் தெரிகிற மாதிரியே தெரிந்தது. அங்கே இருக்க வேண்டியது இங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன், அவ்வளவு நேரான கணக்கு இல்லை என்று ஜெயக்கொடி டாக்டர் சொன்னதையும் சேர்த்தே நினைத்தேன். அடைப்பைத் திறக்க உள்ளே விட்ட பலூன் முதலில் விரியவில்லை. டாக்டர் வேறு பலூன் கேட்டார். அப்போதுதான் எனக்கு இவர் வெளியே தனியாக உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. காலையில் இவர் சர்க்கரை மாத்திரை போட்டாரா என்று கேட்கவில்லையே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பலூன் விரிந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"விடலையே" என்றார்.

ஜூலை 17, புதன்

வார்டில் ரத்தம் எடுத்த பெண் இரண்டு முறை குத்தினாள். கையை அசைக்காமல் நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24, புதன்

வீட்டில். கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை. இடுப்பிலும் முதுகிலும் முறையாக எலும்பு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மெலிவு உறுதி. அதற்குத் தனி வைத்தியம், ஜெயக்கொடி டாக்டர் பார்க்கிறார். காலையும் மாலையும் நடக்கிறேன். பல் வலிக்கவே இல்லை.

மெஹர் வந்தாள். மெஷின் ஒழுங்காக ஓடுகிறதாம். நான் இல்லாமலே மூன்று வாரக் கன்ட்ரோல் சீரத்துக்கு ஆர்டர் போட்டிருக்கிறாள். "உங்க ரத்தத்தை இனிமே நம்ப முடியாதுக்கா" என்றாள். நான் சிரித்த பிறகுதான் அழுதாள். அதுவரை அழாமல் இருந்திருக்கிறாள்.

ஜூலை 29, திங்கள்

இன்று முதல் லேபுக்கு. மாடியை ஒரே மூச்சில் ஏறினேன். விளம்பரத்தில் போட்ட தேதிப்படி தையல் வகுப்பு எப்போதோ முடிந்துபோயிருக்கிறது.

முகாமில் கொழுப்பும் கூடி எலும்பும் குறைந்த பதினொரு பேரில் பத்துப் பேர் டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். நாலாட்டின்புதூர் மாடத்தி மட்டும் ரிப்போர்ட்டே வாங்க வரவில்லை. மெஹர் மூன்று முறை பேசியும் பலனில்லை. நான் போன் செய்தேன். பின்னால் தீப்பெட்டி ஆபீஸ் சத்தம்.

"எனக்கு என்ன தாயி? பகல் பூரா நின்னுக்கிட்டுத்தான் வேலை பாக்கேன். ஒரு தலைவலி கிடையாது."

"எலும்பும் குறைஞ்சிருக்கு, கொழுப்பும் கூடியிருக்கு அக்கா. ரெண்டும் சேர்ந்து வந்தா நெஞ்சையும் ஒரு தடவை பாத்துரணும்."

"எம்புட்டு இருக்காம்?"

"நூத்தித் தொண்ணூறு."

"போங்க தாயி! நான் கறி தின்னே ஒரு மாசமாகுது. உங்க மெஷினு புதுசாமே, அன்னைக்குப் பேசிக்கிட்டாக. புது மெஷினு அப்படித்தான் ஏத்திக் காட்டும். முதல்ல அதைச் சரிபண்ணுங்க."

மெஹர் ரிஜிஸ்டரால் முகத்தை மறைத்துக்கொண்டாள். காலிப்ரேஷன் பாஸ், கன்ட்ரோல் பாஸ் என்று சொல்லலாம். அதை டென்சிங் சொல்லி நானே நம்பவில்லை.

"இங்க ஒருத்திக்கு இருநூத்தி நாலு வந்துச்சு அக்கா. அவளும் மெஷின்தான் தப்புன்னு ஒத்தைக்கால்ல நின்னா. பத்து நாள் யார் பேச்சையும் கேக்கல. இதயக் குழாய்ல தொண்ணூறு சதவீதம் அடைப்பு. போன வாரத்துக்கு முந்துன வாரம்தான் ஸ்டென்ட் வச்சாங்க."

"ஐயையோ. யாரு அது?"

"நான்தான்."

எண்ணை வாய்விட்டு வெளி ஆளிடம் சொன்னது இதுவே முதல் தடவை. இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

மறுமுனையில் ஆபீஸ் சத்தம் குறைந்தது. அவள் எங்கோ தள்ளிப்போயிருக்க வேண்டும்.

"அன்னைக்கு ஊசி குத்துன டாக்டரம்மாவா?"

"டாக்டர் இல்லக்கா. லேப்காரி. ஆமா, நான்தான்."

"வலிக்கவே இல்லையே தாயி அன்னைக்கு. அம்புட்டுப் பக்குவமாக் குத்துனீகளே. இப்ப எப்படி இருக்கீக?"

"நல்லா இருக்கேன். இன்னைக்கே வாங்க. டாக்டர் ஆறு மணி வரைக்கும் இருப்பாங்க."

"சாப்பிட்டு வரவா, வெறும் வயித்துலயா?"

"சாப்பிட்டே வாங்கக்கா" என்றேன்.